ஜோர்டானுக்கு 'உதவி' என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

எங்கள் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் 'ஜோர்டானுக்கு இத்தனை கோடி டாலர் உதவி' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அது என்ன பணம்?

2018 ஜூனை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரி மசோதாவை எதிர்த்து ஜோர்டான் தலைநகர் அம்மானில் மக்கள் தெருவில் இறங்கினார்கள்; பிரதமர் ஹானி முல்கி பதவி விலகினார். ஒரு வாரத்தில் சவுதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் மக்காவில் கூடி 250 கோடி டாலர் அறிவித்தன. அறிவிப்பைப் பிரித்துப் பாருங்கள். ஜோர்டான் மத்திய வங்கியில் வைப்புத்தொகை, உலக வங்கிக் கடனுக்கு உத்தரவாதம், ஐந்தாண்டு பட்ஜெட் உதவி, வளர்ச்சித் திட்டங்கள். வைப்புத்தொகை என்றைக்கும் போட்டவர் பணம்தான். அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கிக் காட்டும், அரசு ஊழியர் சம்பளத்துக்கு ஆகாது. உத்தரவாதத்தில் அப்போதைக்கு ஒரு டாலர்கூடக் கைமாறாது. பட்ஜெட்டுக்கு வருவதுதான் அரசு இஷ்டப்படி செலவழிக்கக்கூடிய காசு. நான்கையும் கூட்டித் தலைப்பில் போடாதீர்கள்.

அப்புறம், அந்தக் கூட்டத்துக்கு வராதவர் என்ன செய்கிறார் என்று தேடுங்கள். 2017இல் சவுதி அணி கத்தாருடன் உறவை முறித்தபோது ஜோர்டான் முழுதாக முறிக்கவில்லை. தூதரக உறவின் அளவைக் குறைத்தது, கத்தாரின் தொலைக்காட்சியான அல் ஜசீராவின் உரிமத்தை ரத்து செய்தது, அதோடு நிறுத்திக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான். மக்கா கூட்டம் முடிந்த சில நாளிலேயே கத்தார் 50 கோடி டாலரும், ஜோர்டானியருக்குத் தன் நாட்டில் 10,000 வேலைகளும் தருவதாகச் சொன்னது. 2019இல் தூதர்கள் திரும்பினார்கள். என்னைக் கேட்டால் அந்த 10,000 வேலைதான் தலைப்பு; மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வரும்.

ஆனால் வேலையும் பறிபோகும். 1990இல் குவைத்தைப் பிடித்த இராக்குக்கு எதிரான கூட்டணியில் ஜோர்டான் சேரவில்லை. வளைகுடா உதவி நின்றது, சவுதி எண்ணெய் நின்றது, குவைத்திலிருந்து சுமார் 3 லட்சம் பேர் ஜோர்டானுக்குத் திரும்பினார்கள். எந்தச் சலுகைச் செய்தியிலும் இந்தப் பின்னணிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஓர் அமைப்பில் ஜோர்டான் 'இணைகிறது' என்று எழுதும்போது அந்த வினையில் கவனம் தேவை. 2011இல் வளைகுடா அரபு நாடுகளின் கூட்டமைப்பான வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் ஜோர்டானின் உறுப்பினர் கோரிக்கையை வரவேற்றது. நிதி வந்தது, உறுப்பினர் பதவி இன்றுவரை வரவில்லை.

சரி, பணம் வந்ததா என்று எப்படி அறிவது? அடுத்த ஆண்டு ஜோர்டான் பட்ஜெட்டில் வெளிநாட்டு மானியங்கள் என்ற வரியைப் பாருங்கள்.