கிராமத்து வீட்டில் சமையலையும் வேலையையும் பங்கு போடுவது எப்படி

அக்காவுக்குக் கல்யாணமாகி, மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து, சொந்தபந்தம் கிளம்பிப் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை காலையில்தான் எங்கள் வீட்டில் விஷயம் தெரிந்தது. வாசல் தெளிக்கவில்லை. கோழிக்கூண்டு ஏழு மணி வரை திறக்கவில்லை. இட்லி ஊற்றலாம் என்று அம்மா போனால் மாவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசி ஊறப்போடுவது அக்காவின் வேலை என்று எங்கள் யாருக்கும் தெரியாது, அம்மாவே அதை மறந்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்பா, அம்மா, அப்பத்தா, நான், தம்பி என்று ஐந்து பேர் மிச்சம் இருந்தோம். அன்றைக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷமாக வேலையைப் பங்கு போட்டுத்தான் செய்கிறோம். கோபிசெட்டிபாளையம் பக்கம் வீடு, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வாழை, இரண்டு மாடு. இந்த மாதிரி வீட்டில் எது நடக்கும், எது நடக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து இதை நீ செய், அதை அவன் செய்யட்டும் என்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் சும்மா எழுதுங்கள். தினசரி காலண்டரில் காலையில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும். அன்றைக்கு வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று சின்னதாக, ஆனால் ஒன்று விடாமல் எழுதி, ஆணியில் குத்தி வையுங்கள். ஏழு நாளில் ஏழு தாள். அதை வரிசையாகத் தரையில் பரப்பி எல்லோரும் பார்த்தால் அப்புறம் சண்டைக்கு வேலை இருக்காது. எங்கள் வீட்டில் அம்மா பெயர் ஒரே நாளில் இருபது தடவைக்கு மேல் வந்திருந்தது, என் பெயர் இரண்டு தடவை, அதில் ஒன்று கடைக்குப் போனது. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும் ஆண்கள் 88 நிமிடம் என்றும் வந்தது. அதை எங்கோ யாருக்கோ எடுத்த கணக்கு என்று நினைக்கிறவர்கள் தங்கள் வீட்டுத் தாள்களைப் பார்த்தால் போதும்.

எழுதும்போது நினைவில் வைத்துக்கொள்கிற வேலையையும் எழுத வேண்டும். உப்பு தீரப்போகிறது என்று தெரிந்து வைத்திருப்பது, நாளை நூறு நாள் வேலைக்குப் போவதால் இன்று ராத்திரியே குழம்பை வைத்துவிட வேண்டும் என்று யோசிப்பது, சிலிண்டர் எடை குறைந்ததைத் தூக்கிப் பார்த்துப் பதிவு செய்வது, மாமனார் ஊரிலிருந்து ஆள் வந்தால் எத்தனை ஆழாக்கு அரிசி போடுவது, இதெல்லாம் கையால் செய்கிற வேலையைவிட அதிகமாகக் களைக்க வைக்கும். "சொன்னா செய்வோமே" என்று ஆண்கள் சொல்கிறோம் பாருங்கள், அந்தச் சொல்வதே ஒரு முழு வேலை.

அதனால் எங்கள் வீட்டில் உள்ள ஒரே விதி இது: வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்கக்கூடாது, அடி முதல் நுனி வரை முழுசாகக் கொடுக்க வேண்டும். "கொஞ்சம் உதவி பண்ணு" என்றால் பொறுப்பு அம்மாவிடமே இருக்கிறது, நீங்கள் வந்து போகிற ஆள். உதவி என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள் என்பேன். 2023 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாதம் ரூ.1,000 கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் மகளிர் உரிமைத் தொகை என்று வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. பெண்கள் வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிற உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அடுப்படியிலும் அதே சொல் மாற்றம் வேண்டும்.

முழுசாகக் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு இட்லி மாவையே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் முதலில் கைமாறியது அதுதான். எடுத்துக்கொண்டவர் அப்பா.

மாவு என்றால் கிரைண்டர் ஸ்விட்சைத் தட்டுவது மட்டும்தான் என்று அவர் நினைத்திருந்தார். அந்த மேசை கிரைண்டர் 2011-க்கு அப்புறம் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர், இன்னும் ஓடுகிறது. வேலை ஆரம்பிப்பது அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பதில். நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு முழு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். மத்தியானம் சாப்பிட்டவுடன் ஒரு மணிக்கு அரிசியை ஊறப்போட்டு, மூன்று மணிக்கு உளுந்தைப் போட்டால், ஐந்து மணிக்கு ஆட்டலாம். முதலில் உளுந்து. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து, அரை மணி நேரம் போல ஓடவேண்டும், குளிர்ந்த தண்ணீராக இருந்தால் மாவு சூடாகாது. பதம் பார்க்க, ஒரு சிட்டிகை மாவை டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் சரி. அமிழ்ந்தால் இன்னும் ஓடட்டும். முதல் தடவை அப்பா அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அரிசி நைசாக வேண்டாம், ரவைப் பதத்துக்கு வந்தால் போதும். இரண்டையும் சேர்த்து உப்புப் போட்டுக் கையாலேயே கலக்க வேண்டும், கரண்டியால் கலக்கிய மாவு எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் பொங்குவதில்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மார்கழிக் குளிரில் அடுப்புத் திண்டின் பக்கத்தில் வைக்க வேண்டும், சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்திலேயே புளித்துவிடும், எழுந்து எடுத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

வேலை இதோடும் முடியவில்லை. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது, கழுவிய தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது, சிந்தினதைத் துடைப்பது, உளுந்து தீரப்போகிறதென்றால் அடுத்த சந்தைக்குச் சொல்லி வைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் மாவு. கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அந்த வேலையை நீங்கள் செய்யவில்லை, இன்னொருவருக்குப் பாதி வேலையை உண்டாக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இப்படிக் கொடுத்த பிறகு கஷ்டமான பகுதி வரும். அது அம்மாக்களுக்கு. அப்பாவின் முதல் மூன்று மாவும் சரியாக வரவில்லை, ஒரு தடவை இட்லி தட்டையாக வந்தது, இன்னொரு தடவை உப்பே இல்லை. ஒவ்வொரு தடவையும் அம்மா "விடுங்க, நானே ஆட்டிக்கறேன்" என்று எழுந்தார். நான் பாத்திரம் கழுவப் போனாலும் "நீ விடு சாமி, நான் பாத்துக்கறேன்" என்பார். பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் அங்கே விட்டுக்கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு மாதம் வரை, புகை வந்தாலொழிய யாரும் குறுக்கே போகக்கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான இட்லியை உதிர்த்துத் தாளித்து உப்புமாவாக்கிச் சாப்பிடலாம், ஒன்றும் குடி முழுகாது. நாலாவது மாதத்தில் அப்பாவின் மாவு அம்மாவுடையதைவிட நன்றாக வந்தது என்று அப்பத்தாவே சொன்னார்.

ஊர்ப் பேச்சு வரும். ஆம்பளையை அடுப்படியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று இரண்டு பேர் சொல்வார்கள். ஊர்க் கல்யாணத்திலும் கோயில் விருந்திலும் அண்டா வைத்துச் சமைப்பது பெரும்பாலும் ஆண்கள்தானே, அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் வேலையைப் பாருங்கள்.

நேரத்தைப் பங்கு போடும்போது கடிகாரத்தை நம்பாதீர்கள், மாட்டையும் வயலையும் நம்புங்கள். எங்களுக்குக் காலை ஐந்தரைக்குப் பால் கறந்து சொசைட்டிக்குப் போயாக வேண்டும். அதனால் கறக்கிறவர் காலைச் சமையலில் இல்லை, அவருக்கு ராத்திரிப் பாத்திரம். மஞ்சள் வெட்டும் நாட்களில் ஆட்களுக்குச் சாப்பாடு தூக்குப்போசியில் போக வேண்டும் என்பதால் அந்தப் பத்து நாளுக்குத் தனிப் பங்கு. அந்த நாட்களில் ஒரே பானைச் சமையல்தான் கை கொடுக்கும், அதிலும் எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம் மாதிரி ஒன்று கிடையாது. புதிதாகச் சமைக்க வருகிறவர்களுக்கும் அதையே முதலில் கற்றுக்கொடுங்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, கழுவி ஊறவைத்துவிட்டு, எண்ணெயில் கடுகு, சீரகம், தட்டின மிளகு, பூண்டு, நிறையச் சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு தக்காளி என்று வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, மொத்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அரிசியையும் பருப்பையும் போட்டு நாலு விசில். மேலே நெய். என் தம்பி முதல் முதலாகச் சமைத்தது இதுதான்.

குழந்தைகளைச் சின்னதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், ஆண் பெண் என்று பார்க்காமல். ஏழு வயதில் சின்ன வெங்காயம் உரிக்கலாம், தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. பத்து வயதில் அரிசி அளந்து களைந்து போடலாம். அடுப்பைப் பற்றவைப்பது பதின்மூன்றுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டும். பரீட்சை நாளில் பையனுக்கு விடுமுறை, பெண்ணுக்கு மட்டும் பாத்திரம் என்று இருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். விடுமுறை என்றால் இரண்டு பேருக்கும்.

சாப்பிடுகிற வரிசையையும் மாற்றியாக வேண்டும். சமைத்தவள் கடைசியில் உட்காருவது, அதுவும் குழம்பில் காய் தீர்ந்து வெறும் சாறு மிஞ்சியிருக்கும்போது உட்காருவது, எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. இப்போது சமைத்தவர் முதல் பந்தியில். ராத்திரி எல்லோரும் ஒன்றாக. சட்டிகளை நடுவில் வைத்துவிட்டால் பரிமாற ஒருவர் நிற்கத் தேவையில்லை. தட்டை அவரவர் கழுவ வேண்டும், எண்பது வயதுக்காரருக்கு மட்டும் விலக்கு.

அந்த எண்பது வயதுக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலையைப் பிரிக்கும்போது பாட்டிமார்களை உட்காருங்கள் என்று ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். அவர்களிடம்தான் ருசி இருக்கிறது, அதுவும் கை அளவில் இருக்கிறது. அப்பத்தாவிடம் எவ்வளவு உப்பு என்று கேட்டால் "தேவைக்குப் போடு" என்பார். நான் செய்தது இதுதான்: அவர் கையால் அள்ளியதை, பாத்திரத்தில் போவதற்கு முன் ஒரு தட்டில் வாங்கி எடை போட்டு எழுதிக்கொண்டேன். அவருடைய பித்தளை ஆழாக்கையும் அரிசி நிரப்பி எடை பார்த்து வையுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பொதுக் கணக்கு, ஆனால் வீட்டுக்கு வீடு அந்தப் பாத்திரம் கொஞ்சம் வித்தியாசப்படும்.

பங்குனி, சித்திரையில் குழம்பு மிளகாய்த்தூள் அரைக்கிற நாளை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு, அப்பத்தா கையிலிருந்து எழுதியது: வரமிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒன்றரைக் கிலோ, மிளகு 100 கிராம், சீரகம் 100, துவரம்பருப்பு 100, விரலி மஞ்சள் 100, வெந்தயம் 50, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. இரண்டு நாள் மொட்டை மாடியில் நல்ல வெயில், பருப்பையும் வெந்தயத்தையும் மட்டும் லேசாக வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, வந்தவுடன் டப்பாவில் அடைக்காமல் துணியில் பரப்பி நன்றாக ஆறவைக்க வேண்டும், சூட்டோடு அடைத்தால் கட்டி தட்டி வண்டு வந்துவிடும். காயப்போடுவது ஒருவர், காம்பு கிள்ளுவது பிள்ளைகள், மில்லுக்குப் போவது ஒருவர், பதம் சொல்வது அப்பத்தா. மிளகாயை ஒன்று எடுத்துக் காதருகில் ஆட்டி, உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது என்பார். இந்தச் சத்தத்தை எழுதி வைக்க முடியாது, பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. போட்ட பங்கு அப்படியே நிற்காது. மாடு விற்போம், தம்பி வேலைக்கு வெளியூர் போவான், மருமகள் வருவாள், யாருக்காவது முதுகு வலி வரும். வந்த மருமகள் தலையில் விட்டுப்போன எல்லா வேலையும் தானாகப் போய் விழும், அப்போது விழிப்பாக இருங்கள். என் மனைவி வந்த முதல் மாதம் அதுதான் நடந்தது, காலண்டர் தாளை எடுத்துத் திரும்பவும் ஏழு நாள் எழுதினோம். இப்போது அமாவாசை தோறும், விரதச் சாப்பாடு முடிந்ததும், பங்கைப் பேசி மாற்றிக்கொள்கிறோம். அமாவாசை யாருக்கும் மறக்காது என்பதால் அந்த நாள். போன மாதம் மாவு என் பதினொரு வயது மகனுக்குப் போயிருக்கிறது, கல்லைத் தூக்கிக் கழுவுவது மட்டும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு என்னிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார், அவனாக எழுந்து அரிசிப் பானையைத் திறக்கும் வரை.