பழைய டேப்பில் லினக்ஸ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாக வைத்து, பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் கேரள அரசின் கைட் நிறுவனம் தயாரித்த பதிப்பு பள்ளி லேப்டாப்களில் ஓடுகிறது. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்காது. இருந்தால், அலமாரியில் துணிக்கடியில் ஒரு பழைய டேப் இருக்கும். 2014, 2015 வாக்கில் விண்டோஸோடு விற்ற எட்டு இஞ்ச், பத்து இஞ்ச் டேப். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு முன்பே இந்த டேப்கள் அப்டேட் போட இடமில்லாமல் திணறிக்கொண்டுதான் இருந்தன.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்கண்ணா, பாப்பா ஸ்கூல்ல இருக்கற அதே லினக்ஸை இதுல போட்டுத் தர முடியுங்களா?"

"போடலாம்மா. ஆனா ஒரு ரெண்டு நாள் எங்கிட்டயே இருக்கட்டும். அவசரப்பட்டா கெட்டுப்போயிரும்" என்றேன்.

ஒப்புக்குச் சொன்ன பேச்சல்ல அது. இந்த டேப்களில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மென்பொருள் பக்கம் போவதற்கு முன் டேப்பை மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். ஓரத்தில் கண்ணாடி லேசாக எழும்பி நின்றாலோ, பின்பக்கம் உப்பி டேப் மேசையில் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே கூடாது. வருடக்கணக்கில் மூடிக் கிடந்த லித்தியம் பேட்டரிக்கு இது சகஜம். அழுத்திப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்றால் அந்த டேப்பை மின்கழிவில் சேர்த்துவிடுவதே நல்லது. பிள்ளைகள் கையில் பிடிக்கப்போகும் சாமான் இது.

சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பழைய விண்டோஸை உடனே அழிப்பது

இதைத்தான் பெரிய தவறு என்பேன், நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காந்திபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பத்து இஞ்ச் டேப் ஒன்று வாங்கினேன். வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் வரும்போதே என்னென்ன போடலாம் என்று மனசுக்குள் பட்டியல் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் மொத்தத்தையும் ஃபார்மட் செய்து லினக்ஸ் போட்டேன். எல்லாம் நல்லபடியாக ஏறியது. திரையைத் தொட்டேன், அசையவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் சில மாற்றங்கள் செய்தபின் ஒருவழியாக அசைந்தது. ஆனால் இடது மேல் மூலையில் தொட்டால் அம்புக்குறி வலது கீழ் மூலையில் போய் நின்றது. நடுவில் தொட்டால் மட்டும் சரியாக இருந்தது.

காரணம் இதுதான். இந்தக் காலத்து மலிவு டேப்களில் பெரும்பாலும் சிலீட் நிறுவனத்தின் தொடுதிரைச் சிப்புதான் இருக்கும். அந்தச் சிப்பு தன்னை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைத் தானே சேமித்து வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவை டேப் எழும்போதும் இயங்குதளம் அதை ஊட்டிவிட வேண்டும். அந்தக் கோப்பும் மாடலுக்கு மாடல் மாறும். பத்து இஞ்ச் டேப்புக்கானதை எட்டு இஞ்ச் டேப்பில் போட்டால் ஒன்று வேலை செய்யாது, அல்லது இடம் மாறித் தொடும். லினக்ஸ் கர்னலுக்குள் தெரிந்த மாடல்களின் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் மாடல் அதில் இருந்தால் பிரச்சினை குறைவு. இல்லையென்றால் அந்த ஃபர்ம்வேர் நிச்சயமாகக் கிடைக்கிற இடம் ஒன்றுதான்: அந்த டேப்போடு வந்த விண்டோஸின் டிரைவர் கோப்புறை. அதைத்தான் நான் அழித்துவிட்டிருந்தேன். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து அந்தக் கோப்பை வாங்குவதற்கு ஐந்து மாதம் ஆனது.

ஆகவே, அழிப்பதற்கு முன் விண்டோஸுக்குள் போய் சிஸ்டம்32க்குள் இருக்கும் டிரைவர்ஸ் கோப்புறையையும் டிரைவர்ஸ்டோர் கோப்புறையையும் அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். முடிந்தால் லைவ் லினக்ஸில், அதாவது இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில், பூட் செய்து மொத்தச் சேமிப்பையும் ஒரே பிம்பமாக வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துவிடுங்கள். 32 ஜிபிதானே, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் தொடுதிரை, வைஃபை, ஒலி மூன்றுக்கும் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோ பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. 32 ஜிபியில் விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் இருக்கட்டும் என்று இரண்டையும் நெருக்காதீர்கள். இரண்டுக்குமே மூச்சு முட்டும். பிம்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு முழு இடத்தையும் லினக்ஸுக்கே கொடுங்கள்.

32 பிட், 64 பிட் குழப்பம்

டேப்பில் இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் என்று இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். அந்தச் சிப்பு 64 பிட். ஆனால் டேப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான யூஇஎஃப்ஐ 32 பிட். இந்தப் பொருத்தமில்லாத ஜோடியால், வழக்கமான 64 பிட் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் டேப் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து நாலைந்து தடவை எழுதிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

சோதிப்பது சுலபம். எழுதி முடித்த பென்டிரைவைத் திறந்து, இஎஃப்ஐ கோப்புறைக்குள் இருக்கும் பூட் கோப்புறையைப் பாருங்கள். பூட்ஐஏ32 என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருந்தால் டேப் எழும். பூட்எக்ஸ்64 மட்டும் இருந்தால் எழாது. லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2017இல் வந்த தன் 27ஆம் பதிப்பிலேயே இதற்கு ஆதரவு கொண்டுவந்தது. டெபியனில் 2015இன் 8ஆம் பதிப்பு முதலே 32 பிட், 64 பிட் இரண்டும் சேர்ந்த இன்ஸ்டால் படம் (பென்டிரைவில் எழுதும் கோப்பு) கிடைத்தது.

32 பிட் யூஇஎஃப்ஐ என்றதும் முழு 32 பிட் லினக்ஸைப் போடுகிறவர்களும் உண்டு. அது வேண்டாம். சிப்பு 64 பிட்டாக இருக்கும்போது பழைய பாதையில் போவானேன்? கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸுக்கான பதிப்பை 2016லேயே நிறுத்திவிட்டது. டெபியனும் 2025இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் இன்டெல்லுக்கு இன்ஸ்டாலர் தருவதில்லை.

இன்ஸ்டால் முடியும் கட்டத்தில் டெபியன் ஒரு கேள்வி கேட்கலாம்: லினக்ஸை எழுப்பும் கிரப் நிரலை வெளியே எடுக்கக்கூடிய ஊடகத்துக்கான பாதையிலும் கட்டாயமாகப் போடட்டுமா என்று. லேப்டாப்பில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். இந்த டேப்களில் ஆமாம் என்று சொல்லுங்கள். பலவற்றின் யூஇஎஃப்ஐ அந்த ஒரு பாதையைத் தவிர வேறெங்கும் தேடாது.

பாதி வழியில் சார்ஜ் தீர்வது

ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி துளைதான். சார்ஜரும் அதில்தான், பென்டிரைவ் போன்றவற்றைச் செருக உதவும் ஓடிஜி கேபிளும் அதில்தான். ஹப் மாட்டி, அதில் பென்டிரைவ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் செருகிவிட்டால் சார்ஜ் ஏறாது. 40 சதவீதத்தில் இன்ஸ்டாலைத் தொடங்கி, கோப்புகள் பாதி ஏறியபோது திரை அணைந்துபோவதைப் பார்ப்பது மிகக் கஷ்டம். நூறு சதவீதம் ஏறிய பிறகே தொடங்குங்கள். சார்ஜ் ஏற்றும்போது 2 ஆம்பியர் சார்ஜரில் போடுங்கள். லேப்டாப் யூஎஸ்பியில் மாட்டினால் அரை ஆம்பியர்தான் வரும், விடிய விடியப் போட்டாலும் நிறையாது.

அப்புறம் வைஃபை. இந்த டேப்களில் அதிகம் இருக்கும் ரியல்டெக் 8723பிஎஸ் சிப்புக்கான டிரைவர் 2017இல் வந்த 4.12 கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. அதற்கு முன் எழுதிய குறிப்புகளைப் பார்த்து டிரைவரை வெளியிலிருந்து இறக்கித் தொகுத்துக்கொண்டிருக்காதீர்கள். டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர்களும் இன்ஸ்டால் படத்தோடே வருகின்றன. அப்படியும் வைஃபை வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு போனை அதே ஹப்பில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். கம்பி வழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் கரண்டு போனால் ரூட்டரும் போய்விடும், அப்போதும் கைகொடுப்பது இதுதான்.

பழைய குறிப்புகளை அப்படியே நகலெடுப்பது இன்னொரு இடத்திலும் கெடுதல் செய்யும். இந்தச் சிப்புகள் லினக்ஸில் திடீரென்று உறைந்துபோகும் பிரச்சினை ஒரு காலத்தில் இருந்தது. பிராசசரின் தூக்க நிலையை ஒன்றோடு நிறுத்தும் ஒரு வரியை பூட் கட்டளையில் சேர்க்கச் சொல்வார்கள். அது வேலை செய்யும், ஆனால் பிராசசர் ஆழமாகத் தூங்காததால் பேட்டரி வேகமாகத் தீரும். புதிய கர்னலில் முதலில் அந்த வரி இல்லாமல் நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். உறைந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதேபோல, திரை குறுக்காகத் தெரிகிறது என்று பூட் கட்டளையில் நோமோட்செட் என்ற சொல்லைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கிராபிக்ஸ் டிரைவரையே முடக்கிவிடும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. குறுக்காகத் தெரிவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் திரை நெட்டுவாக்கில் பொருத்தப்பட்டிருப்பது. அதற்குத் திருப்பும் அமைப்பு தனியே இருக்கிறது.

இலேசானது என்று மட்டும் பார்த்து டெஸ்க்டாப் தேர்வது

2 ஜிபி ரேம் என்றதும் எல்லோரும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்பைச் சொல்வார்கள். கீபோர்டும் மவுஸும் எப்போதும் மாட்டியே இருக்குமென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பிள்ளை பாயில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்றால் அதன் சின்னச் சின்ன பட்டன்கள் விரலுக்குச் சிக்காது. க்னோம் என்ற டெஸ்க்டாப் கனமானதுதான். ஆனால் திரையைத் திருப்பினால் திரும்புகிறது, தொட்டதும் திரைக் கீபோர்டு எழுகிறது, விரலால் இழுத்தால் பக்கம் நகர்கிறது. கைக்கு க்னோம், மேசைக்கு எக்ஸ்எஃப்சிஇ என்பது என் கணக்கு. க்னோம் போட்டால் இசட்ரேமைக் கட்டாயம் இயக்குங்கள். ரேமுக்குள்ளேயே சுருக்கிவைத்து இடம் உண்டாக்கும் ஏற்பாடு அது. டேப்பின் சேமிப்புச் சிப்பான இஎம்எம்சியில் ஸ்வாப் (ரேம் நிறைந்தால் பயன்படும் இடம்) வைத்தால் டேப்பும் நகராது, அந்தச் சிப்பும் எழுதி எழுதியே தேயும். தீம், டாக், டெஸ்க்டாப்பில் ஓடும் கடிகாரம் எதுவும் வேண்டாம். எழுத்தளவை மட்டும் கூட்டி வையுங்கள்.

பள்ளியில் இருக்கும் பதிப்பை முழுசாக ஏற்றவும் முயல வேண்டாம். அது லேப்டாப்களை மனத்தில் வைத்துச் செய்த பெரிய தொகுப்பு. பிள்ளைக்கு வேண்டியவை லிப்ரே ஆஃபீஸ், ஜிகாம்ப்ரீ, டக்ஸ் பெயின்ட், கிம்ப், பைத்தான் என்று ஏழெட்டுதான். தனித்தனியாக டெபியனிலேயே கிடைக்கும்.

மொழியைக் கடைசிக்குத் தள்ளுவது

எல்லைப்பக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். பலர் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தமிழ் அப்புறம் பார்க்கலாம் என்று டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை திறந்து பார்த்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

முதலில் எழுத்துருக்கள். நோட்டோ தமிழும் நோட்டோ மலையாளமும் போதும். எனக்குப் பிடித்தது மீரா இனிமை. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்காகச் செய்து தந்த எழுத்துரு அது. சின்னத் திரையிலும் தெளிவாக இருக்கிறது.

தட்டச்சில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமைப்புகளில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட்99 என்ற பெயரில் நான்கைந்து வரிசைகள் வரும். சிலவற்றின் பின்னால் டேப் (TAB) குறியாக்கம், டிஸ்கி (TSCII) குறியாக்கம் என்று இருக்கும். அவை யூனிகோடுக்கு முந்தைய காலத்தவை. தெரியாமல் அதைத் தேர்ந்துவிட்டு, தமிழில் தட்டினால் குப்பையாக வருகிறது என்று லினக்ஸையே கைவிட்டவர் உண்டு. தட்டச்சு முறைகளை மாற்றித் தரும் ஐபஸ்ஸில் எம்17என் என்ற பல மொழித் தட்டச்சுத் தொகுப்பைச் சேர்த்து அதிலுள்ள தமிழ்99ஐ எடுங்கள். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' எழுதப் புள்ளிக்கென்று தனியே ஒரு தட்டு வேண்டாம். மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் வையுங்கள், பள்ளியில் பிள்ளைகள் பழகுவது அதைத்தான். திரைக் கீபோர்டில் எழுத்துகள் ஆங்கிலமாகவே தெரியலாம் என்பதால் முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு சின்னக் கீபோர்டு வாங்கி, எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு டேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்ன இன்ஸ்டால் முறை அதற்குப் பொருந்தாது. ஏஆர்எம் வகைச் சிப்பு கொண்ட டேப்பில் பென்டிரைவ் செருகி லினக்ஸ் ஏற்ற முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் தனியே தயாரித்த படம் வேண்டும். பழைய போன்களுக்கும் டேப்களுக்குமான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பட்டியலில் உங்கள் மாடலின் சரியான குறிப்பெயர் இருந்தால் மட்டும் தொடருங்கள். 2013 நெக்சஸ் 7 அப்படி உள்ள ஒன்று. கிட்டத்தட்ட அதே மாடல்தானே என்று வேறொன்றின் கோப்பை ஃபிளாஷ் செய்தால் டேப் எழாமலே போய்விடலாம். அதற்காக டேப்பை எழுப்பும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் போட்டோக்கள் எல்லாம் அழியும். பட்டியலில் இல்லையென்றால் எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்திலிருந்து டெர்மக்ஸ் என்ற ஆப்பை இறக்கி, ஆண்ட்ராய்டின் மேலேயே லினக்ஸ் பழகலாம்.

டேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எது வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்தச் சிப்பு வகையில் கேமரா பெரும்பாலும் வராது. மூடி வைத்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும், ராத்திரி அணைத்தே வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னபோது பாப்பா காதில் வாங்கவே இல்லை. கீபோர்டில் ஒட்டியிருந்த எழுத்துகளைத் தேடித் தேடித் தமிழில் தன் பெயரைத் தட்டினாள். மொழியை மாற்றி அதன் கீழே மலையாளத்திலும் தட்டினாள்.

"போட்டோ போன்ல எடுத்துக்கறோம்ணா" என்றாள் அம்மா.