முதல் மீன் தொட்டி: எத்தனை லிட்டர், எத்தனை குடம்?

சென்னை வியாசர்பாடியில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம். பொண்ணு ஆசைப்பட்டாள் என்று கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஓரடி இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி உயரமான தொட்டி ஒன்று எடுத்தேன். அடிப்பாகம் 12க்கு 12 இன்ச், உயரம் 24 இன்ச். அதில் நாலு கோல்டு ஃபிஷ். சித்திரை மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போனது. காலையில் நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ரெண்டு அன்றைக்கே செத்துப்போயின. பொண்ணு ரெண்டு நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை.

அதனால் தொட்டி வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

1. மீனை முதலில் முடிவு செய்யுங்கள். கடையில் பார்க்கும் அளவை நம்பாதீர்கள், அதெல்லாம் குட்டி. ஆஸ்கர் ஓரடி வளரும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கொடுக்கிற சக்கர் ஃபிஷ்ஷும் அப்படித்தான். கோல்டு ஃபிஷ் நிறைய கழிவு போடும். ஒன்றுக்கே 75 லிட்டர் வேண்டும் என்பது என் கணக்கு. ஆரம்பத்துக்கு கப்பி, பிளாட்டி, ஜீப்ரா டேனியோ நல்லது. ஃபைட்டர் என்றால் ஒன்றே ஒன்று, 12 இன்ச் சதுரத் தொட்டி போதும்.

2. லிட்டர் கணக்கு. நான் சறுக்கிய இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். உள்பக்க நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 24 × 12 × 12 தொட்டி: 3456 ÷ 61, கிட்டத்தட்ட 57 லிட்டர். ஆனால் விளிம்பு வரை யாரும் ஊற்றுவதில்லை. ரெண்டு இன்ச் குறைத்து, கீழே போடும் கல்லையும் கழித்தால் கையில் நிற்பது 43 லிட்டர்தான். மீன் எண்ணிக்கையை இந்த 43க்குத்தான் போட வேண்டும். ஆறு கப்பி போதும். ஆண் கப்பியாக மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் ரெண்டு மாசத்தில் தொட்டி நிறைய குஞ்சு.

என் பழைய தொட்டியும் இதே 57 லிட்டர்தான். அதை நிமிர்த்தி வைத்த மாதிரி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் படுத்த தொட்டியில் காற்று படும் மேல்பரப்பு 288 சதுர இன்ச், நிமிர்ந்ததில் 144. பாதி. தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவது அந்தப் பரப்பு வழியாகத்தான். வெயில் காலத்தில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. கரண்ட் போய் காற்று மோட்டார் நின்றால் மீன் மூச்சுக்குத் திணறும். அடியைத் துடைக்க தோள் வரை கையை விட வேண்டியிருந்தது வேறு. நீளமும் அகலமும் இருக்கட்டும், உயரம் வேண்டாம். ஏஞ்சல் மீன் வளர்க்கிறவர்களுக்கு மட்டும் உயரம் தேவை. அது 100 லிட்டருக்கு மேல் போகிற கதை.

3. குடம் கணக்கு. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். 43 லிட்டருக்கு 11 லிட்டர், ஒரு குடத்துக்குள் முடிந்துவிடும். 36 × 15 × 18 தொட்டி என்றால் ரெண்டு குடத்துக்கு மேல் ஆகும். லாரித் தண்ணீர் பிடிக்கிற தெருவில் வாராவாரம் அதை மிச்சம் பிடிக்க முடியுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதற்காக ரொம்பச் சின்னதாகவும் போகாதீர்கள். கொஞ்சத் தண்ணீரில் கழிவின் அம்மோனியா சட்டென்று ஏறிவிடும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

4. வைக்கிற இடம். 24 இன்ச் தொட்டியே தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 60, 70 கிலோ வரும். பிளைவுட் டிவி ஸ்டாண்ட் தாங்காது, இரும்பு ஸ்டாண்ட் எடுங்கள். மேலே தெர்மோகோல் ஷீட் போட்டு அதன்மேல் தொட்டி. ஃபில்டருக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச்தான் என் விருப்பம்: விலை குறைவு, குஞ்சை உறிஞ்சாது. கரண்ட் போனால் உதவ பேட்டரி பம்ப் ஒன்றும் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

மீன் விடுவதற்கு முன், கழிவின் அம்மோனியாவைச் சமாளிக்கும் நல்ல பாக்டீரியா உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

பிறகு சேர்த்தது: கண்ணாடி பவுலில் வளர்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கழுத்து வரை ஊற்றினால் மேல்பரப்பு சுருங்கி, என் பழைய தொட்டி மாதிரியே ஆகிவிடும்.

இன்னொருவர் வீட்டில் தரை சாய்வு. ஸ்டாண்ட் மேல் ஒரு தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துக் கால்களுக்கு அடியில் தகடு கொடுங்கள். தொட்டியை நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது.

சக்கர் ஃபிஷ் வளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். அங்கே பெருகி நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், என்னுடையதைக் காசு இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.