குறுவை நெல்லில் யூரியாவும் தண்ணீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுவை (குறுகிய கால நெல் பருவம்) நடவு முடிந்த காவிரி டெல்டா வயல்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறு, தேங்கி நிற்கும் தண்ணீரிலேயே யூரியா வீசுவது. கரைந்த யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. வெயில் ஏறும்போது வயலில் உள்ள பாசி தண்ணீரிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் காரத்தன்மை கூடி, அந்த அம்மோனியா காற்றோடு போய்விடும். மேலுரம் (பயிர் வளரும்போது போடும் உரம்) போடுமுன் தண்ணீரை வடித்துவிட்டு, சேறு ஈரமாக இருக்கும்போது வீசுங்கள். ஒரு நாள் விட்டுத் தண்ணீர் கட்டுங்கள். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து போட்டால் இன்னும் நல்லது.

அதற்காக உரம் போட்ட வயலைக் காய்ந்து வெடிக்க விடுவதும் தப்பு. காய்ந்த மண்ணில் யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட் ஆகிவிடும். மறுபடி தண்ணீர் நின்றதும் அது வாயுவாக வெளியேறும்.

சரி, தண்ணீர் எவ்வளவு கட்டலாம்? முறை வைத்து வரும் வாய்க்கால் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் கிடைக்கும்போதே தேக்கத்தான் பார்ப்பார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பம்ப்செட் உள்ளவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடலாம். ஓரடி நீள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பாதியை வயலில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயமும் மட்டும் காயவிடாதீர்கள். பூக்கும்போது காய்ந்தால் பதர்தான் மிஞ்சும்.

பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு மூட்டை யூரியா போடுவது இன்னொரு பழக்கம். புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவும் குலைநோயும் அப்படிப்பட்ட வயலில்தான் பெருகும். குறுகிய கால ரகத்துக்கு டெல்டாவில் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தழைச்சத்தை அடியுரம் (நடவுக்கு முன் போடுவது), தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நான்காகப் பிரித்துக் கொடுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை இருந்தால், எப்போது போடுவது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம்.

தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த டிஏபி உரத்தை மேலுரமாகப் போடாதீர்கள். மணிச்சத்து முழுவதும் அடியுரத்தில் போக வேண்டும். அப்புறம், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை அந்த மணிச்சத்து உரத்தோடு கலந்துவிடாமல், மணலில் கலந்து தனியாக, நடவுக்குச் சற்று முன் வீசுங்கள்.