குகைக்கு ஹெட்லேம்ப்: கையுறை போட்டுச் சோதியுங்கள்

லூமென் (வெளிச்சத்தின் அளவு) கணக்கைப் பார்க்கும் முன், தடித்த ஈரக் கையுறை போட்டுக்கொண்டு இருட்டறையில் ஹெட்லேம்பை (தலையில் மாட்டும் விளக்கை) ஆன் செய்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். விரல் தடுமாறினால் அது குகைக்கு ஆகாது.

குகைக்குள் கை பெரும்பாலும் சேறும் ஈரமுமாகத்தான் இருக்கும். வழவழப்பான சின்ன பட்டன் அங்கே அகப்படவே அகப்படாது. அப்புறம், அட்டைப்பெட்டியில் நீர்த்தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் அது தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும். குறைந்தது அதுவாவது வேண்டும். எத்தனை மணி நேரம் எரியும் என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கைவிளக்குகளை அளக்கும் எஃப்எல்1 தரப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகத் தேயும் வரையுள்ள நேரம் அது. அந்தக் கடைசி மணிகளில் கால் வைக்கும் பாறையே சரியாகத் தெரியாது.

விளக்குப் போட்ட சுற்றுலாக் குகைக்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. நீரில் மூழ்கிப் போகும் குகைக்கோ ஐபிஎக்ஸ்7 போதாது, டைவிங் விளக்குதான் சரி. பேட்டரி கழற்ற முடியாத மாடல் என்றால் சோதனையில் அந்தப் பகுதி பொருந்தாது. எந்த மாடலானாலும் ஆளுக்கு இரண்டு உபரி விளக்குகள் கட்டாயம் வேண்டும்.