ஹொகுசாயின் அலையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பி நிற்கும் நீல அலை, அதன் நுனியில் நகம்போல் வளைந்த நுரை, தூரத்தில் சின்னதாய் ஒரு பனிமலை. காபிக் கோப்பையிலோ டீ-ஷர்ட்டிலோ இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் இதுதான் இருக்கிறது. ஆனால் இதைப் பற்றியும் இதை உருவாக்கிய ஜப்பானியக் கலைஞர் கத்சுஷிகா ஹொகுசாய் பற்றியும் எழுதப்படும் குறிப்புகளில் அதே சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரை நேசிப்பவன் என்ற முறையில் அவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் தவறு, இதைத் தூரிகையால் தீட்டிய ஓவியம் என்று எழுதுவது. "அசல் எந்த மியூசியத்தில் இருக்கிறது?" என்ற கேள்வியும் இதிலிருந்துதான் வருகிறது. இது மர அச்சுப் படம். ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, ஒன்றிரண்டு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கு எடோ நகரத்துக் கடைகளில் விற்றார்கள். (எடோ என்பது இன்றைய டோக்கியோவின் பழைய பெயர்.) அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. அத்தனையும் அசல்தான். அளவும் பலர் நினைப்பதுபோல் பெரிதல்ல: சுமார் 25 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம்.

அது உருவான விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தத் தவறு திரும்ப வராது. ஹொகுசாய் மெல்லிய தாளில் கோட்டுச் சித்திரம் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேலே நிற்கவிட்டு மற்ற இடத்தைக் குடைந்து எடுப்பார். அதோடு கலைஞர் கைப்பட வரைந்த தாள் அழிந்துபோகும். அப்புறம் நிறங்களுக்கென்று தனித்தனிப் பலகைகள் செதுக்க வேண்டும். அச்சிடுபவர் நீரில் கரைத்த நிறத்தைப் பலகையில் பூசி, தாளை வைத்து, மூங்கில் உறை சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தட்டால் தேய்த்து எடுப்பார். நிறங்கள் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார, பலகையின் ஓரத்தில் வெட்டிய 'கென்தோ' என்ற அடையாளத்தில் தாளைப் பொருத்துவார்கள். இதற்கெல்லாம் பணம் போட்டவர் பதிப்பாளர் நிஷிமுராயா யொஹாச்சி. பலகைகளும் அவருக்கே சொந்தம். ஆக, "ஹொகுசாய் செதுக்கிய அலை" என்றும் எழுதக் கூடாது. பதின்ம வயதில் அவர் செதுக்கும் பட்டறையில் வேலை பார்த்தது உண்மை. இந்தப் பலகையைச் செதுக்கிய கை வேறு ஒருவருடையது. அந்த நுரையின் கூர்மையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத கைக்காரரையும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமக்குப் பெரிய அலை என்றாலே அந்தச் சொல்தான் வருகிறது. ஆனால் படத்தின் தலைப்பில் சுனாமி இல்லை. "கனகாவா கடலில், அலையின் அடியில்" என்பதுதான் அதன் பொருள். சுனாமி ஆழ்கடலில் படகில் இருப்பவருக்குத் தெரியாத அளவு தாழ்வாகக் கடந்து, கரையை நெருங்கும்போதுதான் உயரும். இங்கே அலை நடுக்கடலில் எழுகிறது. அதன் அடியில் மூன்று படகுகள்; மீனைக் கெடாமல் எடோ சந்தைக்கு விரைந்து சேர்க்கும் வகைப் படகுகள் அவை. துடுப்புக்காரர்கள் குனிந்து, ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அந்த மனிதர்களைக் கவனிக்காமல் அலையை மட்டும் பேசுவது எனக்கு வருத்தம் தரும். ஜப்பானிய வாசகர்கள் வலமிருந்து இடமாகப் படித்துப் பழகியவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்கள் கண் முதலில் படகுகளைச் சந்தித்து, அப்புறம்தான் அலையில் போய் மோதும். ஒருமுறை நீங்களும் அப்படிப் பார்த்துப் பாருங்கள், படமே வேறாகிவிடும்.

இது தனிப்படமும் அல்ல. "ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்" என்ற தொடரில் ஒன்று. நன்றாக விற்றதால் இன்னும் 10 சேர்ந்து மொத்தம் 46 ஆனது. பெயரை நம்பி 36 என்று எழுதிவிடுகிறார்கள். தொடரின் நாயகன் மலைதான்.

"தூய ஜப்பானியக் கலை" என்ற வர்ணனையையும் விட்டுவிடலாம். அந்த நீலம் பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செயற்கையாகச் செய்யப்பட்ட புருஷிய நீலம். ஜப்பானியர்கள் அதை 'பெரோ' என்றே அழைத்தார்கள். தூரத்து மலையைச் சிறிதாக்கிக் காட்டும் முறையிலும் ஐரோப்பியப் படங்களின் பாடம் இருக்கிறது. ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவடைத்திருந்த காலத்திலும் நாகசாகி துறைமுகம் வழியாகப் பொருட்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

ரொம்பவும் உறுத்துவது வயதைப் பற்றிய தவறு. அலையின் வேகத்தைப் பார்த்து இளைஞனின் வேலை என்று நினைத்துவிடுகிறோம். ஹொகுசாய் பிறந்தது 1760-இல். படம் வந்தது 1831 வாக்கில். எழுபது வயது! அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பக்கவாதம், மனைவியின் மரணம், பேரனின் சூதாட்டக் கடன் என்று அடிமேல் அடி. இதே அலையை, இதே வகைப் படகுகளை அவர் நாற்பதுகளில் ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருக்கிறார். அந்தப் பழைய படத்தில் அலை மரக்கட்டை மாதிரி கனத்துக் கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் ஓடிய இருபத்தைந்து வருட உழைப்பு கண்ணுக்குத் தெரியும். 1834-இல் வந்த நூல் ஒன்றின் பின்னுரையில், எழுபதுக்கு முன் தான் வரைந்தவற்றில் பொருட்படுத்தத் தக்கது எதுவும் இல்லை என்றும், நூற்றுப்பத்து வயதில் தன் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்றும் எழுதினார். "ஓவியப் பித்துப் பிடித்த கிழவன்" என்று கையெழுத்திட்டார். 1849-இல் இறக்கும் வரை வரைந்தார்.

சில சின்ன விஷயங்கள். தமிழில் குறில் ஒகரம் இருக்கும்போது ஆங்கிலத்தைப் பார்த்து "ஹோகுசாய்" என்று நீட்ட வேண்டியதில்லை. கத்சுஷிகா என்பது அவர் பிறந்த வட்டாரத்தின் பெயர். முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களில் வரைந்தார் என்பதால், வேறு பெயரில் உள்ள படத்தை வேறொருவருடையது என்று தள்ளிவிடக் கூடாது. "ஹொகுசாய் மங்கா" இன்றைய காமிக்ஸ் கதை அல்ல. 1814-இல் தொடங்கி 15 தொகுதிகளாக வந்த, வரைந்து பழகுவதற்கான சித்திரத் தொகுப்பு. ஓவியர் வான்கோ 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்த மழைப்பாலமும் பிளம் மரமும் ஹொகுசாயுடையவை அல்ல; இன்னொரு அச்சுப்படக் கலைஞரான ஹிரொஷிகெயின் படங்கள். அவர் ஹொகுசாயைவிட 37 வயது இளையவர்.

கடைசியாக, ஹொகுசாயைத் தனி மனிதராகவே எழுதுவது. திருமணம் முறிந்து அப்பாவிடம் திரும்பிய மகள் ஓயி, அவரது கடைசிக்காலம் முழுக்கக் கூடவே இருந்து வரைந்தார். பெண்களை வரைவதில் மகள் தன்னை மிஞ்சிவிட்டாள் என்று ஹொகுசாயே சொன்னதாகப் பதிவு உண்டு. ஓயியின் பெயரில் இன்று மிகச் சில படைப்புகளே மிஞ்சியிருக்கின்றன. டோக்கியோவின் ஓதா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும், எடோவின் கேளிக்கை விடுதிப் பகுதியான யொஷிவாராவின் இரவுக் காட்சி அவற்றில் ஒன்று. இருட்டு, மரச்சட்டங்களின் வழியே கசியும் விளக்கொளி, நிழலாய் நிற்கும் மனிதர்கள். அதில் வழக்கமான கையெழுத்து கிடையாது. படத்தில் இருக்கும் மூன்று விளக்குகளின் மேல், ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார்.