ஒருத்தர் ‘நான் நாத்திகன்’னு சொன்னா மொதல்ல என்ன கேக்கணும்

டீக்கடைலயோ கல்யாண வீட்லயோ யாராவது நான் நாத்திகன்னு சொல்லிட்டா போதும், உடனே நம்மாளு ஒருத்தர் “அதுவும் ஒரு மதம் தாம்ல”ன்னு ஆரம்பிச்சிருதாவ, பொறவு ரெண்டு பேரும் கத்தி பேச்சுவார்த்தையே நின்னு போகுது. அதுக்கு முன்னாடி அவிய எந்த ‘இல்ல’யச் சொல்லுதாவன்னு கேட்டுக்கிடுங்க.

“கடவுள் இல்லவே இல்ல”ன்னா அது ஒரு முடிவு, காரணம் கேக்கலாம். “எனக்கு நம்பிக்கை வரல”ன்னா அவிய எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. “தெரியல, தெரிஞ்சுக்க முடியும்னும் தோணல”ன்னா அது அக்னாஸ்டிக், இங்கிலாந்து விஞ்ஞானி ஹக்ஸ்லி 1869-ல உண்டாக்குன வார்த்தை.

நம்மூர்ல நெறைய பேர் சொல்லுதது பெரியார் வழி. அவியட்ட போயி பிரபஞ்சம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா பேச்சு தடம் மாறிரும், ஏன்னா அவிய கேக்குதது கோயிலுக்குள்ள யார விட்டாவ, யார வெளிய நிறுத்துனாவன்னு. 1899-ல சிவகாசி கலவரம் கோயில் நுழைவ வச்சு தான் வந்துச்சு, அப்ப சிவகாசி நம்ம திருநெல்வேலி ஜில்லா. இந்தக் கோவத்த தெரிஞ்சுக்கிடாம அவியட்ட பேசவே கூடாதுங்கது என் கருத்து.

இன்னொண்ணு, பழைய சமஸ்கிருத நூல்கள்ல நாஸ்திகன்னா பெரும்பாலும் வேதத்த ஏத்துக்காதவன். அப்படித்தான் சமணமும் பௌத்தமும் அந்தப் பக்கம் போச்சு, படைச்ச கடவுளப் பத்திப் பேசாத பழைய சாங்கியம்ங்கற தத்துவம் வேதத்த ஏத்துக்கிட்ட ஆஸ்திகப் பக்கத்துலயே இருந்துக்கிடுச்சு. கழுகுமலைக்கு ஒருநாள் போய்ப் பாருங்க (1986 வரைக்கும் அதுவும் நம்ம மாவட்டம் தான்), பாறை முழுக்க வரிசையா தீர்த்தங்கரர், அதாவது சமணர் கும்பிடுத குருமார், உக்காந்திருக்காவ, பக்தி இருக்கு, துறவு இருக்கு, ஆனா உலகத்தப் படைச்ச கடவுள்னு ஒருத்தர சமணம் ஒத்துக்கிடாது. கடவுள் இல்லாமலும் மதம் இருக்கலாம்.

அப்போ நாத்திகமும் மதம் தானான்னு கேட்டா, நான் இல்லன்னு தான் சொல்லுவேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வராதவன் எல்லாம் வேற எங்கயோ கொடை நடத்துதான்னு சொல்ல முடியுமா? கூட்டம், கொடி, தலைவர் செலைக்கு மாலைன்னு இருந்தா அது இயக்கத்துக்கு உள்ள பழக்கம், நம்பிக்கை இல்லாததுக்கு உள்ளது இல்ல. ஆனா “என்னத்தப் பாத்தா உங்க மனசு மாறும்?”னு கேட்டுப் பாருங்க, எதப் பாத்தாலும் மாறாதுன்னு சொன்னாவன்னா அந்தப் பிடிவாதம் மதப் பிடிவாதம் மாதிரி தான் இருக்கு. அதே கேள்விய சாமி கும்பிடுத நாமளும் நம்மகிட்ட கேட்டுக்கிடணும், அப்ப தான் நியாயம்.

சாவு வீட்ல மட்டும் இந்தப் பேச்ச எடுத்துராதீங்க. எங்க ஆச்சி செத்தப்போ, திருநீறே பூசாத எங்க பெரியப்பா ஈரவேட்டியோட நீர்மாலைக்கு, அதாவது சாவுச் சடங்குக்குத் தண்ணி கொண்டு வர, கொடம் தூக்குனாவ. “பாத்தியா, உள்ளுக்குள்ள நம்பிக்கை இருக்கு”ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் எல்லாரும் கேக்குத மாதிரி சொன்னாரு. பெரியப்பா கொடத்த எறக்கி வச்சிட்டு, “எங்கம்மா கேட்டது, நான் செஞ்சேன்”ன்னு மட்டும் சொன்னாவ, பொறவு அந்தக் கொடத்த மறுபடி தோள்ல ஏத்திக்கிட்டு நடந்தாவ.